பன்னிரண்டுக்கு முன்

நாளைக்குப் போயா.
ஆறு வகை ஷாம்பெய்னும்
பன்னிரண்டு அடிக்க முன் முடிய வேணும் என்று
முகாமையாளர் மூன்று தரம் சொன்னார்.
மூன்றாம் தரம் வாயால் அல்ல,
கைக்கடிகாரத்தைத் தட்டி.

கப்பல் கம்பனியொன்றின் அறுபதாம் ஆண்டு விருந்து.
பதினாலு கதிரை, கதிரைக்கு ஆறு கிளாஸ்.
எண்பத்து நாலு கண்ணாடித் தண்டுகளுக்கிடையே
காலிமுகக் கடல்
துண்டு துண்டாய்த் தெரிந்தது.

என் வேலை ஊற்றுவது,
ஊற்றியதைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது.
முதலாவது, சிலாபத்து நண்டுக்கு.
"ஈரச் சுண்ணாம்பு, பச்சை ஆப்பிள்"
என்றேன் ஆங்கிலத்தில்.
தலைகள் ஆடின.
எனக்குத் தெரிந்த ஈரச் சுண்ணாம்பு
ஜிந்துப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில்
கரும்பலகை துடைத்துப் பிழிந்த துணி.
அதற்கு அந்த மேசையில் கதிரை போடவில்லை.

இரண்டாவது, கொடுவா மீனுக்கு.
சொதியை நுரையாக்கி
மீனின் தோளில் வைத்திருந்தான் குசினிக்காரன்.
நுரைக்கு நுரை பொருத்தம் என்று
யாரோ சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், சம்பளத்துக்குள் அடங்கும் அளவுக்கு.

ஒன்பதாம் கதிரையில் மட்டும்
கிளாஸ் ஆறும் கவிழ்ந்திருந்தன.
கணக்காய்வாளர், யோகமலர் என்று அட்டையில்.
காரணம் அவர் சொல்லவில்லை,
கேட்பது என் தொழிலும் இல்லை.
தேசிக்காய்த் தண்ணி கொண்டுபோய் வைத்தபோது
மெல்லக் கேட்டார் தமிழில்:
"தம்பி, உண்மையா அது என்ன மணக்குது?"
"பாண், அக்கா.
விடிய நாலரைக்கு, பேக்கரிப் பின்கதவால்."
அன்றிரவு நான் பொய்யில்லாமல் சொன்ன
ஒரே வார்த்தை அது.

மூன்றாவது என்னவென்று
இப்போது நினைவில்லை.
நாலாவது ரோஸ் நிறம், தாராவுக்கு;
ஒரு துளி வெள்ளை விரிப்பில் விழுந்தது,
அதன்மேல் உப்புக்குப்பியை நகர்த்தி வைத்தேன்.
ஐந்தாவதின்போது மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் மூச்செடுக்கும் பதினொரு நொடி
இருட்டில் குமிழிகள் மட்டும் கதைத்தன.

ஆறாவது இனிப்பானது, வட்டிலப்பத்துக்கு.
பதினொன்றரைக்கு இரண்டு போத்தலும் திறந்துவிட்டேன்.
அப்போதுதான் தலைவர் பலிஹக்கார
கரண்டியால் கிளாஸைத் தட்டி எழும்பினார்.

முதல் கப்பல். தும்பு, மிளகு, துறைமுக வேலைநிறுத்தம்.
பிறகு, ஒரு கிளார்க்கின் கதை:
புயலில் வராத கப்பலுக்காக
இரண்டு இரவு ஜெட்டியிலேயே படுத்தவர்,
பொய்க் கையெழுத்தைத் தூரத்திலேயே பிடிப்பவர்.
"அவருடைய பெயர்..." என்றார்.
நின்றார்.
"சுந்தர... சுந்தர..."
கண்ணை மூடினார்.
பதினாலு பேரும் தட்டைப் பார்த்தார்கள்.
"எண்பத்து மூன்றுக்குப் பிறகு அவர் வரவில்லை" என்றார்,
லீவு எடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.
ஆனால் உட்காரவுமில்லை.
அந்தப் பெயர் வந்தால்தான்
உட்காரலாம் என்பதுபோல் நின்றார்.

வாளிக்குள் ஐஸ் இடம்மாறியது.
முகாமையாளர் கதவருகில் விரல்களைக் காட்டினார்:
ஐந்து.
மூன்று.
பிறகு விரல் இல்லை, மூடிய கை.

வட்டிலப்பத்தைத் தண்ணியோடு சாப்பிட்டார்கள்.

போகும்போது யோகமலர்
பால்கனிக் கதவருகே நின்றார்.
கிட்டத்தட்ட முழுசான நிலா
துறைமுகப் பாரந்தூக்கிகளுக்கு மேலே.
"சுந்தர இல்லை," என்றார். "சௌந்தரநாயகம்.
பழைய சம்பளப் புத்தகம் என்னட்டத்தான் இருக்கு.
யூன் மட்டும் கையெழுத்து.
யூலைக் கட்டம் வெறுமை."
"ஏன் அங்க சொல்லேல்ல?"
கைப்பையின் கொளுக்கியைப் பூட்டினார்.
மறுமொழி அதுவாகவும் இருக்கலாம்.

குசினிக் கழுவுதொட்டியில் ஊற்றினேன்.
சீறியது, கொஞ்ச நேரம்.
தேனும் உலர்ந்த அப்ரிகொட்டும் என்று
சொல்லப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

இருப்புப் புத்தகத்தில் எழுதினேன்:
ஆறாவது, இரண்டு போத்தல்.
திறந்தது. பரிமாறவில்லை.
காரணம் என்ற கட்டம் மிகச் சின்னது.
அதற்குள்
போயா என்று எழுதினேன்.